ஐந்து நாள் கஞ்சி

இதை எழுதலாமா என்று நான்கு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். பெண்களின் மறைவிடத்துச் சங்கதியை ஓர் ஆண்பிள்ளை, அதுவும் அறுபத்தேழு வயதான ஆள், காகிதத்தில் எழுதுவது அழகில்லை என்பது அவர்கள் கட்சி. நான்காவது ஆள் என் மகள் கோமதி. “எழுதுங்கப்பா. யாரும் எழுதாததுனாலதான் யாருக்கும் தெரியல” என்றாள். மூன்றுக்கு ஒன்று என்றாலும் உடம்பு அவளுடையது. ஆகவே எழுதுகிறேன்.

நான் சர்வே இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து நிலம் அளந்த பழக்கத்தில் எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து கோபுரவாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. குழம்பில் கிடக்கும் மிளகாய் வற்றலைக்கூட எண்ணுகிறேன் என்று என் மனைவி சிவகாமி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது உண்மைதான். எண்ணிக்கை தெரிந்தால் மனசுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. அந்தப் பிடியே ஒருநாள் என்னைக் கவிழ்த்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கோமதியைப் புளியங்குடியில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சண்முகம் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் சங்கரன்கோவிலுக்கு அழைத்து வந்தோம். ஆடித்தபசு முடிந்து பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் நான் கடிகாரத்தைப் பார்த்துச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தேன். சாதகம் எழுத நேரம் வேண்டும் அல்லவா.

பிள்ளை பிடித்தவள் பேச்சி. எங்கள் தெருவுக்கும் அடுத்த மூன்று தெருக்களுக்கும் அவள்தான் மருத்துவச்சி. கோமதி பிறந்தபோது அவளைக் கையில் வாங்கியவளும் அவளே. வழக்கமாகப் பிள்ளை பிறந்தவுடன் வாசலுக்கு வந்து, என்ன பிள்ளை என்று சொல்லாமல், வெற்றிலை கேட்டு நம்மை இழுத்தடிப்பாள். அன்று அப்படி வரவில்லை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு புறவாசல் வழியாக வந்து, நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேரே வந்தாள். கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை.

“ஐயா, தாயும் பிள்ளையும் உசுரோட நல்லா இருக்காங்க. ஆனா கோமதிக்குக் கிழிஞ்சுட்டு. சின்னக் கிழிசல் இல்ல. பின்வழி வரைக்கும் போயிட்டு. என் கையால ஆகாது. வண்டி கட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த கை இப்போது எங்கே போயிற்று என்று கேட்டேன். கண் மங்கிவிட்டதா, வெற்றிலை மயக்கமா என்று கேட்டேன். இன்னும் மூன்று வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுத எனக்கு இஷ்டமில்லை. அவள் தலையைக் குனியவில்லை.

“ஏசுங்க ஐயா, எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. வண்டியில வந்துக்கிட்டே ஏசுங்க.”

சிவகாமி உள்ளேயிருந்து வந்து, ஆஸ்பத்திரி எல்லாம் எதற்கு, இரண்டு காலையும் சேர்த்துத் துணியால் கட்டிப் படுக்கப் போட்டால் நாற்பது நாளில் ஒட்டிக்கொள்ளும், அம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் போடலாம் என்றாள். அவளுடைய அத்தைக்கு அப்படித்தான் செய்தார்களாம். பேச்சி அவள் பக்கம் திரும்பினாள்.

“மேல தோலு ஒட்டும் அம்மா. உள்ள இருக்கது ஒட்டாது. பிறகு அவளால எதையும் அடக்க முடியாது. நாலு பேருக்கு நடுவுல உக்கார முடியாது. உங்க அத்தை கடைசி வரைக்கும் எங்க இருந்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

அந்த அத்தை மாட்டுத்தொழுவத்தை அடுத்த ஓர் ஓலைச் சாய்ப்புக் கொட்டகையில் தனியாகத்தான் இருந்தாள். ஏன் என்று எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வண்டிக்காரனை அழைத்து வந்தது பேச்சிதான். வைக்கோல் பரப்பி அதன்மேல் சமுக்காளம் போட்டு, கோமதியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழந்தையைச் சிவகாமி மடியில் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே அவள் நடந்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு நிமிஷம் ஆயிற்று. கோமதி வழியில் அழவில்லை. பிள்ளைக்கு விரல் பத்தும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது, எண்ணிவிட்டேன், கால்விரலும் பத்து என்றேன்.

பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள். பிரசவம் பார்க்கும் நர்ஸ் பெயர் கிருபை. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை மாதிரி எட்டு வைத்து நடப்பார். அவர்தான் திரை கட்டிப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். ஒரு தகப்பனிடம் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. எனக்குத்தான் வராந்தாத் தூண்களை எண்ணத் தோன்றிற்று. ஒன்பது.

அவர் சொன்னதை எல்லோருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். பிள்ளை வரும் வழிக்கும் மலம் கழியும் வழிக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சதை இருக்கிறது. பிள்ளையின் தலை வரும்போது அது விரிந்து கொடுக்கும். கொடுக்காவிட்டால் கிழியும். கிழிசலில் மூன்று தரம். தோல் மட்டும் கிழிந்தால் முதல் தரம், அது தானாக ஆறும். சதையும் கிழிந்தால் இரண்டாம் தரம், இரண்டு மூன்று தையல் போதும். மூன்றாம் தரத்தில் பின்வழியைச் சுற்றியிருக்கும் தசையே அறுந்துபோகும். அந்தத் தசை சுருக்குப்பையின் வாய்க்கயிறு போன்றது. கயிறு அறுந்த பையை மூட முடியாது. கோமதிக்கு அந்தக் கயிறு அறுந்து, அதற்கு அப்பால் குடலின் ஓரமும் கொஞ்சம் கிழிந்திருந்தது.

டாக்டர் அம்மா இரண்டரை மணிக்கு மயக்கம் கொடுத்துத் தைத்தார். பிறந்து நான்கு மணி ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளே மூன்று அடுக்காகத் தையல், ஆட்டுக்குடலில் செய்த நூல், தானாகக் கரைந்துவிடுமாம். வெளியே ஆறு தையல், பிறகு எடுக்க வேண்டியவை. முடித்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே யார் அனுப்பியது என்று கேட்டார். மருத்துவச்சி என்று சொன்னேன். அவள் பெயரைச் சொல்லவில்லை, இன்னும் கோபம் இருந்தது.

“உடனே அனுப்பியிருக்காளே. பெரிய காரியம். நாலு நாள் கழிச்சுக் கொண்டு வந்திருந்தா சதை புண்ணாகி நூல் நிக்காது. ஆறு மாசம் ஆறவிட்டுத்தான் தைக்கணும். அப்பவும் நிச்சயம் சொல்ல முடியாது.”

இப்போது நிச்சயமா என்று கேட்டேன். தையல் பிரியாமல் இருந்தால் நிச்சயம் என்றார். பிரியாமல் இருக்க வேண்டுமானால் அந்த இடம் ஆறும்வரை மலம் கட்டியாக இறங்கக் கூடாது. கிருபை அதற்கான கட்டளையை எனக்குச் சொன்னார்: ஐந்து நாள் கஞ்சித் தண்ணீர், பால், மோர், வடிகட்டிய ரசம். ஒரு பருக்கைகூடக் கூடாது. ஆறாம் நாள் சோறு. நான் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். தலையாட்டினார்.

அரசாங்க ஆஸ்பத்திரி ஆகையால் செலவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அதை எழுதி இடத்தை அடைக்கவில்லை. ஆனால் இருப்பு கஷ்டமாகத்தான் இருந்தது. வராந்தாவில் இரண்டே பெஞ்சு, அதில் ஒன்றுக்கு மூன்று கால். டெட்டால் வாசனை என் வேட்டியிலும் ஏறிக்கொண்டது. பென்சிலின் ஊசி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்த பிறகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். முழங்கால்களைத் தளர்வாகச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். சிவகாமி அதைப் பார்த்துவிட்டு, “நான் சொன்னதைத்தான இவங்களும் செய்யுதாங்க” என்றாள். கிருபை சிரித்துக்கொண்டு, “கட்டுறது சரிதான் அம்மா. தைச்சுட்டுக் கட்டணும்” என்றார். கையோடு கொண்டுவந்திருந்த புற்றுமண் பொட்டலத்தை என்ன செய்வது என்று சிவகாமி விழித்தபோது, நெற்றியில் தாராளமாகப் பூசலாம், இடுப்புக்குக் கீழே போனால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று சொன்னார். கோமதி நெற்றியில் பத்து நாளும் புற்றுமண் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பேச்சி பார்க்க வந்தாள். வார்டுக்குள் போகவில்லை. வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தும் பார்க்காதது போல் பெஞ்சில் இருந்தேன். கிருபை வெளியே வந்தவர், யார் என்று விசாரித்து, எழுந்து வரச் சொல்லி, எனக்கு எதிர்ப் பெஞ்சில் தம் பக்கத்திலேயே உட்காரவைத்தார். அவள் மாட்டேன் என்று இரண்டு தடவை சொல்லி மூன்றாம் தடவை உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. அதைக் கேட்டதால்தான் இந்த விஷயத்தில் எனக்கு அறிவு வந்தது.

கிருபை கேட்டதெல்லாம் தொழில் கேள்வி. எப்படிப் படுக்கவைத்தாய், தலை தெரிந்து எத்தனை நேரம், கை எங்கே வைத்திருந்தாய். பேச்சி கையாலேயே காட்டிக் காட்டிச் சொன்னாள். விளக்கெண்ணெய் தடவி, வெந்நீரில் பிழிந்த துணியை அந்தச் சதையில் வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தாளாம். பிள்ளை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. தலையும் கையும் ஒன்றாக வரும்போது மெல்ல விடவேண்டும், அந்த நேரம் பார்த்து முக்காதே என்று இவள் சொல்ல, சிவகாமி பக்கத்தில் நின்று முக்குட்டி முக்குட்டி என்று கத்த, கோமதி தன் தாய் பேச்சைக் கேட்டாள். ஒரே முக்கில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தராசில் பிள்ளை எட்டே முக்கால் பவுண்டு.

நான் திங்கட்கிழமை ஏசியபோது அவள் இதைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கிருபையும் கேட்டார்.

“பிள்ளை பெத்த வீட்டுல தாயும் மகளும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டா, பாலு வத்திரும்லா” என்றாள் பேச்சி.

பிறகு கிருபை தம் கதையைச் சொன்னார். பயிற்சி முடித்த முதல் வருஷம், டாக்டர் பக்கத்திலேயே இருக்கும்போது, தம் கையிலேயே ஒரு பெண்ணுக்கு இப்படிக் கிழிந்ததாம். இரண்டு நாள் தமக்குச் சோறு இறங்கவில்லையாம். ஒழுங்காகச் செய்தாலும் கிழியும், ஒழுங்கில்லாமல் செய்தும் கிழியாமல் போகும், அதனால் தங்களுக்கே தங்கள் கைமேல் சந்தேகம் தீராது என்றார். இதுவரை எத்தனை பிள்ளை பிடித்திருப்பாய் என்று பேச்சியைக் கேட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எண்ணல அம்மா. எண்ணினா கண்ணு பட்டுரும். கிழிஞ்சது நாலு. அந்த நாலு மூஞ்சியும் மறக்கல.”

நான்கில் முதலாவது மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது. பேச்சிக்கு அப்போது இருபது வயது. கிழிந்ததைப் பார்த்தாள். வெளியே சொன்னால் அடி விழும், இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று மாமியார்க்காரியிடமும் சொல்லவில்லை, பெண்ணிடமும் சொல்லவில்லை. துணியை வைத்துக் கட்டிவிட்டுக் கூலி நெல்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்து அந்த வழியாகப் போகும்போது பார்த்தால், அந்த வீட்டில் வேறொருத்தி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் பெண் எங்கே என்று கேட்கப் பேச்சிக்குத் தைரியம் வரவில்லையாம்.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்கு நாலு அடி. அவ்வளவுதான்” என்றாள்.

கிருபை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கிழிவது யார் கையிலும் வரும், மறைப்பது மட்டும்தான் நம் குற்றம் என்றார். நான் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு, பேச்சிக்கு ஒரு காப்பி வாங்கிவரச் சொல்லி ஆளனுப்பினேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. அவள் காப்பியைக் குடித்துவிட்டு, சீனி பத்தாது என்றாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். கோமதியைத் திரைக்கு வெளியே நின்று பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, சரியாயிருமா” என்றார். அவர் அம்மா கேட்டு வரச் சொன்னதா, அவரே கேட்டதா என்று நான் ஆராயவில்லை. சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன். ஆறு தையலும் நிற்கிறது, மூன்று நாள் காய்ச்சல் இல்லை, நாளை மறுநாள்... இல்லை, நாளைக்கே சோறு என்று கணக்குச் சொன்னேன். அவருக்கு முகம் தெளிந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த தீட்டுத்துணி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் அவரே அலசிப் பிழிந்து வேலியில் காயப்போட்டார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். தாம் கொண்டுவந்த எலுமிச்சங்காய்ப் பையில் பாதி கிருபைக்கும் பாதி மற்ற ஏழு கட்டில்களுக்கும் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் போனார்.

இனி என் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை என் கணக்கின்படி ஆறாம் நாள். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று, வியாழன் நான்கு, வெள்ளி ஐந்து. நம் ஊரில் எல்லாரும் இப்படித்தான் எண்ணுகிறோம். பிள்ளை பிறந்த நாள் முதல் நாள். அதிலிருந்து எண்ணித்தான் பெயர் வைக்கிறோம், தீட்டுக் கழிக்கிறோம். ஐந்து நாள் கஞ்சி முடிந்தது, இன்று சோறு என்று சிவகாமியிடம் சொன்னேன். அவள் பழைய அரிசியை வறுத்துப் பொங்கி, மிளகும் பூண்டும் சேர்த்துச் சுண்டைக்காய் வற்றல் பொரித்துப் போட்டுப் பத்தியச் சோறு எடுத்து வந்தாள். நாங்கள் போனபோது கிருபை சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அவர் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள் சிவகாமி. எண்ணத் தெரியாதவர்கள்தான் கேட்க வேண்டும் என்றேன்.

கோமதி பசியில் இருந்தாள். பன்னிரண்டு இருபதுக்கு ஆரம்பித்துப் பதினோரு கவளம் சாப்பிட்டாள். எங்களுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அவள் வாய் கொப்பளிக்கும்போது நான் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். சனிக்கிழமைக் கட்டத்தில் ஐந்து என்று எண் போட்டு, கஞ்சி மட்டும் என்று எழுதியிருந்தது. பின்னோக்கிப் போனேன். வெள்ளி நான்கு. திங்கட்கிழமைக் கட்டத்தில் சுழியம்.

முப்பத்தொரு வருஷம் நான் சங்கிலி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். முளைக்குச்சி அடித்த இடம் சுழியம், அங்கிருந்துதான் அளவு. அந்த இடத்தை ஒன்று என்று எண்ணிய ஆளை வெயிலில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்.

தூக்குச்சட்டியைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு வெளியே வரும்படி சிவகாமியிடம் சொன்னேன். வராந்தாவில் விஷயத்தைச் சொன்னதும் அவள், சொல்ல வேண்டாம் என்றாள். சொன்னால் இனி வார்டுக்குள் விட மாட்டார்கள், பதினோரு கவளம்தானே, நாளைக்குச் சாப்பிட வேண்டியதை இன்றைக்குச் சாப்பிட்டாள், பாதகமில்லை. எனக்கும் அப்படித்தான் நினைக்கப் பிடித்திருந்தது. ஒரு நாள் வித்தியாசம் ஒரு பெரிய வித்தியாசமா என்று எனக்கு நானே வாதாடினேன். படித்த மனிதன், அந்த அம்மாள் முன்னால் போய் நின்று எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது. இரண்டு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் வந்த சிவகாமி, கோமதிக்கு வயிற்றைப் பிசைகிறதாம், வருகிற மாதிரி இருக்கிறதாம், வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு கிடக்கிறாள் என்றாள்.

கழுவாத கையோடு புறவாசலில் வந்து நின்ற பேச்சி என் கண்ணுக்கு முன்னால் வந்தாள். நான் எழுந்து போனேன். கிருபை மேசையருகே ஊசிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

“நர்ஸம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பிறந்த நாளையும் சேர்த்து எண்ணிட்டேன். கோமதிக்குச் சோறு குடுத்துட்டோம்.”

அவர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். “எப்ப?”

“பன்னிரண்டு இருபதுலேருந்து முப்பத்தஞ்சு வரைக்கும்.”

“எவ்வளவு?”

“பதினோரு கவளம். ஒவ்வொண்ணும் நெல்லிக்காய் அளவு. சுண்டைக்காய் ஆறு. தண்ணி அரை டம்ளர்.”

“இந்த வார்டுல இவ்வளவு சுத்தமா எனக்கு யாரும் கணக்குச் சொன்னதில்ல ஐயா. ஆரம்பம் மட்டும்தான் தப்பு” என்றார். அவ்வளவுதான் ஏச்சு. வயிற்றைப் பிசைகிறது என்று நான் சொன்னதும் முகம் மாறிற்று. டாக்டர் அம்மாவுக்கு ஆளனுப்பிவிட்டு, போகிற வேகத்திலேயே எனக்கு விளக்கினார். ஐந்து நாளாகக் குடலில் கிடப்பது காய்ந்து கட்டியாக இருக்கும். மறுநாள் விடியற்காலை அதை எண்ணெய் விட்டு இளக்கி இறக்கிய பிறகுதான் சோறு கொடுக்க இருந்தார்கள். இப்போது மேலே சோறு விழுந்ததும் குடல் கீழே இருப்பதைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. இளகாமல் அது இறங்கினால் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வரும்.

திரையைக் கட்டினார்கள். மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாக வெதுவெதுப்பான நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டார்களாம். கோமதி முக்கக் கூடாது, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் மூச்சு மட்டும் கேட்டது. கிருபை, முக்காதே மக்கா, ஊது, ஊது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிவகாமியும் தலைமாட்டில் நின்று அதையே சொன்னாள். இந்தத் தடவை இரண்டு பேர் சொன்னதும் ஒரே சொல். நான் மூச்சை எண்ண ஆரம்பித்து நூற்று நாற்பதில் விட்டுவிட்டேன். என் ஞாபகத்தில் நான் பாதியில் விட்ட எண்ணிக்கை அது ஒன்றுதான்.

நாலே கால் மணிக்குச் சிவகாமி வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“இளகி எறங்கிட்டு. ஆறு தையலும் நிக்குது.”

டாக்டர் அம்மா போகும்போது என்னிடம், இன்னும் ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தைக்க வேண்டி வந்திருக்கும் என்றார். அந்த ஒரு மணி நேரமும் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க நான் தயாராக இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்பதாம் நாள் தையல் எடுப்போம் என்று கிருபை சொன்னபோது, எதிலிருந்து எண்ணி என்று கேட்டேன். வார்டில் எட்டுக் கட்டிலும் சிரித்தது. புதன்கிழமை ஆறு தையலையும் எடுத்தார்கள். வியாழக்கிழமை டாக்டர் அம்மா விரலை வைத்துப் பார்த்து, இறுக்கிப் பிடி என்றாராம். கோமதி பிடித்தாள். போதும், விடு என்றாராம். ஆறு வாரம் குந்தி உட்காரக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, அடுத்த பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த தடவையும் பேச்சி தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கோமதி கேட்டாள். கிருபை சம்மதித்தார், சோப்புப் போட்டுக் கழுவின கையாக இருந்தால்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவச்சி வந்து கிழிந்துவிட்டது என்று சொன்னால் ஏசாதீர்கள். நீங்கள் ஏசுவீர்கள் என்று பயந்துதான் முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை. சொன்னவள் உங்கள் மகளைக் காப்பாற்றிவிட்டாள் என்று அறிந்து வண்டியைக் கட்டுங்கள். அன்றைக்கே தைத்தால் ஒட்டும். நான் கண்ணால் கண்டது.

வீடு திரும்பும் வண்டியில் கோமதி தலையணைமேல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சிவகாமி மடியில் தூங்கிற்று. பேச்சி இந்தத் தடவை நடக்கவில்லை, வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். தேரடி தாண்டியதும் திரும்பி, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

“ஏட்டி கோமதி, டாக்டரம்மா சொன்னதெல்லாம் இருக்கட்டும். வயித்துக் காத்த அடக்குனா நிக்குதா?”

கோமதிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. “அப்பா இருக்காங்க, சும்மா வா” என்றாள்.

“உங்க அப்பாவுக்குத் தெரியாதது என்ன இருக்கு இனிமே. சொல்லுட்டி.”

நான் கடைகளைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“நிக்குது” என்றாள்.